அடுப்புக்கும் ஒருநாள் விடுமுறை!

"இராமேசுவரம் போகிறோம்" என்று மதுரையிலே ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கேட்பவர் முகம் வாடிவிடுகிறது. "யார் தவறிப்போனார்கள்? நமக்குச் சொல்லவே இல்லையே!" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிக்கிறார். "யாரும் தவறவில்லை ஐயா, எல்லோரும் நலம். பள்ளிக்கூடம் விட்டிருக்கிறது, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிவரப் போகிறோம்" என்றால், "அதற்காகவா அவ்வளவு தூரம்?" என்று வியக்கிறார். கூடவே செலவுக் கணக்கும் போட்டுக் காட்டுகிறார்!

அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை. வைகைக் கரையிலே பிறந்து, வாரத்தில் ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் கடன்காரருக்குப் பதில் சொல்லியே பொழுதைக் கழிப்பவனுக்கு, கடல் என்றால் சாவுக்குப் பின்னால் போகிற இடம் என்றுதான் பழக்கி வைத்திருக்கிறார்கள். அப்பன் சாம்பலைக் கரைக்கக் கடல். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கடல். நம்பிக்கை உள்ளவர் செய்யட்டும். குறுக்கே நிற்பது நம் வேலையல்ல. நாம் கேட்பதெல்லாம், இருப்பவருக்கு என்ன வழி என்பதுதான். உழைத்து உழைத்து உள்ளங்கை காய்த்துப்போனவருக்கு, ஆண்டு முழுவதும் அடுப்படியை விட்டு அகலாத அவர் துணைவிக்கு, அலையைப் படத்திலே மட்டும் பார்த்திருக்கும் அவர் குழந்தைகளுக்கு அந்தக் கரையிலே இடம் உண்டா, இல்லையா?

உண்டு என்கிறோம் நாம். எப்படிப் போவது, எங்கே உண்பது, ஏமாறாமல் எப்படித் திரும்புவது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம்.

விடுமுறைக்கு ஊர் போவது சீமான்களின் சொத்து என்று ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. ஊறாமல் என்ன செய்யும்! வெள்ளைத் துரைமார் ஆண்ட நாளில், கோடை வந்ததும் சென்னை அரசாங்கமே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உதகைக்கு ஏறியது. நாம் இங்கே வெயிலில் காய்ந்தோம். ஆனால் அந்தத் துரைமாரின் சொந்த நாட்டிலே, தொழிலாளி என்ன செய்தான் தெரியுமா தோழர்களே?

இங்கிலாந்திலே லங்காஷயர் என்றொரு பகுதி. பஞ்சாலைப் பகுதி. அங்கே நெய்த துணி இங்கே வந்து இறங்கி நம் நெசவாளன் வயிற்றில் அடித்த கதை நாம் அறிந்ததே. ஆனால் அந்த ஆலைகளிலே தறி ஓட்டியவன் யார்? அவனும் நம்மைப்போலக் கூலிக்காரன்தான். ஓல்டாம், போல்டன் போன்ற ஆலை நகரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆலைக் கதவை அடைத்துவிடும். ஊருக்கு ஒரு வாரம் என்று முறை உண்டு. அந்த வாரத்திலே ஊர் முழுவதும் ரயிலேறிப் பிளாக்பூல் என்ற கடற்கரைப் பட்டினத்திலே போய் இறங்கும். கூலியோடு கிடைத்த விடுமுறை என்று எண்ணிவிடாதீர்கள்! நெடுங்காலம் அது கூலியில்லாத விடுமுறைதான். அந்த ஒரு வாரத்திற்காக ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில்லறை சேர்க்கும் சங்கங்களை அவர்கள் வைத்திருந்தார்கள். இன்னொரு செய்தி சுவையானது. பிளாக்பூலிலே தங்கும் வீடு பிடிப்பார்கள். மளிகையும் இறைச்சியும் தாங்களே வாங்கிக் கொடுப்பார்கள். அதைச் சமைத்துப் போடுவது விடுதிக்காரியின் பொறுப்பு. அதாவது, ஆலைத் தொழிலாளியின் மனைவி அந்த ஒரு வாரம் கரண்டியைத் தொடமாட்டாள்! இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறோம்.

பிரான்சிலே 1936ஆம் ஆண்டு ஆலை ஆலையாக வேலைநிறுத்தம் நடந்தது. அதன் விளைவாக, ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையிலேயே தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டணம் குறைத்து ரயில் சீட்டு வழங்கினார்கள். லட்சக்கணக்கானோர் கிளம்பினர், கடலையே பார்த்திராத பலர் அன்றுதான் கடலைப் பார்த்தனர். இங்கிலாந்திலே ஊதியத்தோடு விடுமுறைக்கான சட்டம் 1938இல் வந்தது.

நம் நாட்டிலே? சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று தொழிலாளர் தினத்தைக் கொண்டாடிய இடம் எது? சென்னைக் கடற்கரை! உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலே ஒரு கூட்டம். உழைப்பவன் கடற்கரைக்கு வந்தது அன்று உரிமை கேட்க. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டு முழுவதும் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்தோடு விடுப்பு என்று எழுதியது. அது ஆலைக் கதவுக்கு உள்ளே இருந்தவனுக்கு. கதவுக்கு வெளியே நிற்கும் கொத்தனாருக்கும், சித்தாளுக்கும், கீழமாசி வீதியிலே மூட்டை சுமப்பவருக்கும், சிலைமான் பக்கம் செங்கல் சூளையிலே வேகிறவருக்கும் ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்றுதான் பொருள். ஆகவே அவர்களைப் பார்த்து, "வா, கடலுக்குப் போகலாம்" என்று அழைப்பது வாய்ப்பந்தல் போடுகிற வேலையாக இருக்கக்கூடாது. கணக்கோடு அழைக்கவேண்டும்.

கணக்குக்குப் போகுமுன், அந்தப் பாதையைப் பற்றி ஒரு சொல்.

மதுரையிலிருந்து கிழக்கே போகும் அந்தப் பாதையிலே நம் பாட்டன் போனதுண்டு. கடல் பார்க்கவா போனான்? மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மண்டபம் முகாமிலே நோய்ச் சோதனைக்காக அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியிலே கப்பலேறித் தலைமன்னாரிலே இறங்கி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சீமான் அதன்மேல் போட் மெயிலிலே முதல் வகுப்பில் கொழும்புக்குப் போனார். அதே பாலத்தின்மேல் நம்மவன் மூன்றாம் வகுப்பிலே முடங்கிக்கொண்டு போனான். 1964 அக்டோபரிலே சிரிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். தோட்டத்திலே நாலைந்து தலைமுறை உழைத்தவர்களில் இத்தனை பேர் உமக்கு, இத்தனை பேர் எமக்கு என்று பங்கு பிரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவிலே புயல் வந்து தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி, பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அந்தத் தண்டவாளத்தின் துண்டுகளும், தேவாலயத்தின் சுவர்களும், ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்றும் மணலிலே நிற்கின்றன. பிள்ளைகளை அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு ஈடாகாது.

சரி, போவது எப்படி? ரயிலே சிறந்தது என்போம். பஸ்ஸுக்குக் கொடுப்பதிலே பாதிகூட ஆகாது, பாசஞ்சர் வண்டியின் சாதாரணச் சீட்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குள் அரைச் சீட்டு. காலையிலே மதுரையில் ஏறினால் முற்பகலிலே இராமேசுவரம். மாலையிலே திரும்பிவர வண்டி உண்டு. நேரம் அவ்வப்போது மாறும். முந்தின நாளே நிலையத்திலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974இல் எடுத்துவிட்டார்கள். நெரிசலை எடுக்கவில்லை! அமாவாசை நாளிலே போகாதீர்கள். அன்று வண்டியிலே காற்றுக்கும் இடம் இராது.

நெரிசல் இல்லாத நாளிலே அந்தப் பயணமே பாதி விடுமுறை. திருப்புவனம் தாண்டினால் தென்னை. திருப்பாச்சேத்தி என்றால் அரிவாள். மானாமதுரை என்றால் மண்பானை, கடம். பரமக்குடி என்றால் தறியோசை. அதற்கப்பால் சீமைக் கருவேலங்காடு, குண்டு மிளகாய்க் கொல்லை, பனை, பனை, பனை. மண்டபம் வந்ததும் வண்டிக்குள்ளே ஒரு பரபரப்பு. எல்லோரும் சன்னலுக்கு நகருகிறார்கள். நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாலத்திலே 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். நடுவிலே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வந்தால் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். பழைய பாலத்திலே இரு பக்கமும் கதவுபோல் பிரிந்து எழுந்தது. இதிலே மின்தூக்கி போலச் செங்குத்தாக எழுகிறது. பொறியியல் படித்தவர்தான் வியக்கவேண்டும் என்பதில்லை. லேத்துப் பட்டறையிலே இரும்போடு மல்லுக்கட்டும் தோழர் அதைப் பார்த்தால், மற்ற எவரையும்விட நன்றாக அதன் அருமையை அறிவார்.

பஸ்ஸிலே போகவேண்டுமென்றால் மாட்டுத்தாவணி. சாலை வழியே அந்தத் தீவுக்குப் போக முடிந்ததே 1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான். பஸ் என்றதும் மதுரைக்காரர் மூத்தவராயிருந்தால் டி.வி.எஸ். பஸ்ஸை நினைத்துப் பெருமூச்சு விடுவார். அது வந்து நிற்பதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினோம் என்பார். இருக்கலாம், நேரம் தவறாத வண்டிதான். ஆனால் தனியார் வண்டி இலாபம் வருகிற சாலையைத் தேடித்தானே ஓடும்? 1972இல் அந்த வண்டிகள் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. அதன் பின்னர் இலாபம் காணாத குக்கிராமத்துக்கும் பஸ் போகவேண்டும் என்று மக்கள் அரசைக் கேட்கமுடிந்தது. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளிலே மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஆனதும், சித்தாள் வேலைக்குப் போகும் நம் சகோதரியின் கையிலே நாள்தோறும் சில ரூபாய் மிஞ்சியது. மிஞ்சிய காசு கடலைக் காட்டும் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை. காட்டட்டுமே!

இனிச் சோற்றுக்கு வருவோம். இங்கேதான் நமக்குப் பேச நிறைய இருக்கிறது.

"நாளைக்கு ராமேசுவரம்" என்று கணவன் அறிவிக்கிறான், போர்ப்படைத் தளபதியைப் போல. "அப்போ ராத்திரியே புளிக்காய்ச்சல் வச்சிடணும்ங்க" என்கிறாள் மனைவி. மூன்று மணிக்கு எழுந்திருக்கிறாள். புளியோதரை ஒரு தூக்கு, தயிர்ச்சோறு ஒரு தூக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு பொட்டலம், துவையல், ஊறுகாய், சின்னவனுக்குப் பால். ரயிலிலே பரிமாறுவது அவள். கடற்கரையிலே மணல் விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு கட்டை அவிழ்ப்பது அவள். எல்லோரும் அலையிலே குதிக்கும்போது பைக்கும் செருப்புக்கும் காவல் இருப்பது அவள். இரவு வீடு திரும்பி, மற்றவர்கள் "அப்பாடா" என்று பாயிலே சாய்ந்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கேறிய தூக்குச் சட்டியைத் தேய்ப்பதும் அவளே.

யாருக்கு ஐயா விடுமுறை?

எட்டு மணி நேர வேலை கேட்டுக் கொடி பிடித்தோம். வார ஓய்வு கேட்டோம். மிகுதி நேர வேலைக்கு இரட்டைக் கூலி கேட்டோம். கேட்டவர்களுடைய வீட்டிலேயே, வார ஓய்வும் இல்லாமல், கூலியும் இல்லாமல், இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் ஒரே ஆள் பார்க்கிறாள். அவளுக்குக் கோரிக்கை மனு எழுதிக் கொடுக்க எந்தச் சங்கமும் இல்லை. ஆகவே குடும்பத்தோடு ஊர் போவதென்றால், ஓட்டலிலே இலை போட்டு உட்கார்ந்து உண்பதை ஆடம்பரம் என்று சொல்லாதீர்கள். அது அவளுடைய விடுப்பு. பிளாக்பூல் போன லங்காஷயர்க்காரன் மனைவிக்குக் கிடைத்தது, பரமக்குடி தாண்டிப் போகும் மதுரைக்காரன் மனைவிக்கும் கிடைக்கட்டுமே!

"வெளிச்சோறு உடம்புக்கு ஆகாது" என்பார் ஒருவர். அவரே தினமும் பட்டறை வாசலிலே நின்றுகொண்டு நாலு வடையும் இரண்டு தேநீரும் சாப்பிடுகிறவர்! "பெண்டு பிள்ளை கடையிலே உட்கார்ந்து சாப்பிடுவதா?" என்பார் இன்னொருவர். ஓட்டல்காரர் ஒரு மூலையிலே திரைச்சீலை கட்டிக் 'குடும்ப அறை' என்று பலகை மாட்டி வைத்தது இவருக்காகத்தான். மனைவி தோசை தின்பதைப் பிறர் பார்த்தால் மானம் போய்விடுமா, என்ன!

வெளியே போய் உண்ணும் உரிமை நமக்குச் சும்மா வரவில்லை என்பதை மறக்கக்கூடாது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளிலே பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பயணச் சீட்டுக்கு ஒரே விலை. சோற்றுக்கும் ஒரே விலை. உட்காரும் இடம் மட்டும் வேறு! பெரியாரும் தோழர்களும் போராடி, அந்தத் தடுப்பு 1941இல் ஒழிந்தது. ஓட்டல் பலகைகளிலே 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் மறியல் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். நகரத்துக் கதை இது. நாட்டுப்புறத்துத் தேநீர்க் கடையிலே ஒரு பகுதி மக்களுக்குத் தனிக் குவளை வைத்த கொடுமை அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்களில் நீடித்தது. மதுரையைச் சுற்றிய சமவெளியிலும்தான். இதை மறைத்துப் பேசுவதிலே நமக்குப் பெருமையில்லை. சொந்த ஊர்க் கடையிலே உட்கார இடமில்லாதவன், முன்பின் அறியாத ஊரின் ஓட்டலிலே போய் உட்கார்ந்தான். "என்ன சாதி?" என்று கேட்காமல், "சாப்பாடா, டிபனா?" என்று சர்வர் கேட்டான். அந்தக் கேள்வியின் இனிமை, கேட்டவனுக்குத்தான் தெரியும்.

இராமேசுவரத்திலே எங்கே உண்பது? கோயிலைச் சுற்றிய வீதிகளிலே பெரும்பாலும் சைவக் கடைகள். வடநாட்டு யாத்திரிகர் மிகுதியாக வருவதால் பூரியும் சப்பாத்தியும் நிறைய. பலகையிலே இந்தி எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்துத் தார்ச்சட்டியைத் தேடவேண்டாம் தோழர்களே, கடைக்காரர் நம் ஆள்தான், வயிற்றுப்பாடு! அந்த வீதிகளை விட்டுப் பஸ் நிலையத்துப் பக்கம் வந்தால் மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா, சின்னப் பிள்ளைக்குத் தனி இலை போட்டே ஆகவேண்டுமா என்பதை இலை விழுவதற்கு முன்பே கேளுங்கள். கேட்பதிலே கூச்சம் என்ன? பணக்காரன் கேட்டால் சிக்கனம், ஏழை கேட்டால் அற்பம் என்று எவன் சொன்னான்? தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். சுற்றிலும் கடல் இருக்கிற தீவிலே நல்ல தண்ணீர்தான் அருமை.

அந்த ஊருக்குள்ளே சுற்றுவது பெரிய வித்தையல்ல. ரயில் நிலையத்திலிருந்து கோயில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு. கைக்குழந்தை இல்லையென்றால் நடந்தே போகலாம். நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்வார்கள். "கோயில், தனுஷ்கோடி, எல்லாம் பார்த்துட்டு வந்துடலாம்ணே" என்பார்கள். மீட்டர் பேச்சு அங்கே எடுபடாது. எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், காத்திருப்புக்கும் சேர்த்தா, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்பதை ஏறுமுன்னே பேசி முடித்துவிடுங்கள். நாலு பேரிடம் கேட்டால் நியாயமான தொகை எது என்பது தானே தெரிந்துவிடும். பேசி முடித்த பிறகு, இறங்கும்போது குறைக்கப் பார்க்காதீர்கள். அவரும் உழைப்பாளி. வண்டிக் கடனுக்குத் தவணை கட்டுகிறவர். விடுமுறை நாளிலே சம்பாதித்ததை வைத்து, ஆள் வராத நாளை ஓட்டுகிறவர். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டி பேசினால் இரு பக்கமும் இலாபம்.

தனுஷ்கோடிக்கு டவுன் பஸ்ஸும் உண்டு. அடிக்கடி இராது, ஆனால் மலிவு. அரிச்சல்முனை வரை 20 கிலோமீட்டர் அளவு. 2017 வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்தது. அப்பால் மணலிலும் தண்ணீரிலும் வேனிலே குலுங்கிக்கொண்டு போனார்கள். இப்போது முனை வரைக்கும் தார்ச்சாலை. ஒரு பக்கம் குளம்போல் அடங்கிக் கிடக்கிறது பாக் நீரிணைக் கடல். அதைப் பெண் கடல் என்கிறார்கள். மறு பக்கம் மன்னார் வளைகுடா பொங்கி அடிக்கிறது; அது ஆண் கடலாம்! பெயர் வைத்தவர் எந்த வீட்டைப் பார்த்து வைத்தாரோ! முனையிலே குளிக்க இறங்காதீர்கள். இரண்டு கடலும் மோதுகிற இடம், மணல் திடீரென்று ஆழத்துக்குச் சரியும், நீரோட்டம் இழுக்கும். வைகையிலே நீந்திய வீரமெல்லாம் அங்கே செல்லாது. கால் நனைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் ஆடவேண்டுமென்றால் ஊருக்குள்ளே அக்கினி தீர்த்தக் கரை அமைதியானது. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர், மண்டபத்துக்கு முன்பே இருக்கிற அரியமான் கடற்கரைக்குப் போகலாம். சவுக்குத் தோப்பு நிழலும் ஆழமில்லாத தண்ணீரும் உண்டு. எங்கே ஆனாலும் பொழுது சாய்வதற்குள் தனுஷ்கோடியை விட்டுக் கிளம்பிவிடவேண்டும்.

கிளம்புமுன் ஒரு வேலை பாக்கி. சாலையோரத்திலே ஓலைக் கொட்டகைகள். தட்டிலே மசாலா தடவிய மீன் வரிசையாக. சங்கரா, சீலா, நண்டு, கணவாய். நாம் காட்டியதை எடுத்து நம் கண்முன்னே பொரித்துக் கொடுக்கிறார்கள். மீன் எண்ணெயிலே விழுவதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள். விழுந்த பிறகு பேரம் பேசினால் இருவருக்கும் மனத்தாங்கல். அந்தக் கொட்டகைக்காரர் யார்? புயலுக்குப் பிறகு, வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த மண்ணை விடாமல் பற்றிக்கொண்டிருந்த மீனவர் குடும்பம். பல பத்தாண்டுகள் மின்விளக்கு இல்லாமல், மணலிலே ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்து வாழ்ந்தவர்கள். கணவன் பிடித்ததை மனைவி பொரிக்கிறாள். பெரிய ஓட்டல் முதலாளிக்குப் போகும் காசு அவள் கைக்குப் போனால் நமக்கு மகிழ்ச்சிதான்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர் எவரும் தாமாகச் சொல்லமாட்டார். நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. கிழக்குக் கடலிலே மீன் இனம் பெருகவேண்டும் என்று விசைப்படகுகளுக்குத் தடை விதித்திருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்! நாம் மீன் தின்னப் போகும் நாளிலே விசைப்படகுகள் கரையிலே கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகிலே வருகிற மீன் மட்டும்தான். விலை ஏறி நிற்கும். பனிக்கட்டியிலே நாள்பட்டுக் கிடந்த மீனும் தட்டிலே ஏறக்கூடும். செவுள் சிவந்திருக்கிறதா, கண் பளபளக்கிறதா, அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று பார்த்து வாங்குவது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டிய வித்தையல்ல. அன்று ஒரு நாள் சமைக்காமல் இருக்கட்டும். தேர்வு செய்யும் அதிகாரம் அவர்களிடமே இருக்கட்டும். மீன் விலை கட்டாது என்றால் நுங்கு உண்டு, இளநீர் உண்டு. வயிற்றை நிரப்ப மீன்தான் வேண்டுமென்று சட்டமா? இல்லை, மீன்தான் முக்கியம் என்றால், காலாண்டு விடுமுறையிலே போங்கள். அந்த நாளிலே வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

கோயிலுக்குள் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். போகிறவர் மூன்றாம் பிரகாரத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இரண்டு வரிசை. கல் கிடைக்காத மணல் தீவிலே அத்தனை கல்லையும் கொண்டுவந்து இறக்கியவன் பெயரைக் கல்வெட்டிலே காணமுடியாது. கூலி என்ன வாங்கினானோ!

இனிக் கணக்கு. லங்காஷயர்த் தொழிலாளி வைத்திருந்த அந்தச் சேமிப்புச் சங்கத்தை நாம் ஏன் வைக்கக்கூடாது? தெருவுக்குத் தெரு படிப்பகம் இருக்கிறது; ஆட்டோ நிறுத்தத்துக்கு ஒரு சங்கம் இருக்கிறது; தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, நகைச் சீட்டு எல்லாம் பிடிக்கத் தெரிந்த மக்கள் நாம். 'கடல் சீட்டு' ஒன்று பிடியுங்கள். குடும்பத்துக்கு வாரம் 50 ரூபாய். நாளைக்கு 7 ரூபாய் சொச்சம். ஒரு தேநீர் விலைகூட இல்லை. 50 வாரத்திலே 2,500 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பாசஞ்சர் வண்டியிலே போய்வந்து, டவுன் பஸ்ஸிலோ பங்கு ஆட்டோவிலோ சுற்றி, இரண்டு வேளை கடையிலே உண்ண அது போதும். பணம் பிடிக்கும் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள்; ஆண்களிடம் கொடுத்தால் சீட்டு கடலுக்குப் போகாமல் வேறு 'தண்ணீரு'க்குப் போய்விடும் என்பது ஊரறிந்த இரகசியம். பத்துக் குடும்பம் ஒரே நாளில் கிளம்பினால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் முறை வைக்கலாம். பைக்குக் காவல் இருப்பதையும் முறை வைக்கலாம்; முதல் முறை ஆண்களுக்கு!

மாலை வண்டியைப் பிடித்தால், மதுரை நிலையத்திலே இறங்கும்போது இரவு வெகுநேரம் ஆகியிருக்கும். பிள்ளைகள் தோளிலே தூங்கும். காலெல்லாம் மணல் ஒட்டியிருக்கும். "வீட்டுக்குப் போய் ஒரு உப்புமாவாவது கிண்டிடுறேங்க" என்று அவள் சொல்லத்தான் செய்வாள், பழக்கதோஷம். நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டிலும் மேலமாசி வீதியிலும் அந்த நேரத்துக்கும் ஆவி பறக்க இட்லி எடுத்துக்கொண்டிருப்பார்கள். பரோட்டாக் கல்லும் சூடாகவே இருக்கும். உள்ளே அழைத்துப் போய், எல்லோருக்கும் இலை போடச் சொல்லுங்கள்.